நியோபேக்கு ஒரு முகம்

ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கும் காகிதத்தை நான் எறிந்ததே கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீதிபதி ஐயா. உங்கள் மேசைமேல் கிடக்கும் அந்தத் தாளில்தான் கடைசியில் எல்லாம் வந்து நிற்கப்போகிறது. அதை ஜன்னலிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். எண்ணெய் ஊறிய தாள், வெயில் பட்டால் மஞ்சள் ஏறிவிடும்.

என் பெயர் விதாலே. செப்புத் தகட்டில் படம் செதுக்குகிறவன். இந்த பொலோஞ்ஞா நகரில் முப்பத்தொரு வருடமாக அதே கால்வாய்த் தெருவில், அதே மாடியில் இருக்கிறேன். என் மகன் ஃபிளாமினியோ உங்கள் கோபுரத்துச் சிறையில் இருக்கிறான். படக்கடைக்காரர் கொர்னேலியோவுக்குச் சொந்தமான தகட்டை மூலைக்கு மூலை கீறிப் பாழாக்கினான் என்று அவன்மேல் வழக்கு. கீறியது உண்மை. ஏன் கீறினாய் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறானாம். அவன் சொல்ல மாட்டான், எனக்குத் தெரியும். அதனால்தான் நான் வந்தேன். என்னை யாரும் இழுத்து வரவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருடம் கொர்னேலியோ என்னிடம் நான்கு படம் கேட்டார். இப்போதெல்லாம் கிரேக்கக் கதைகள்தான் ஓடுகின்றன. மாதா படத்தை ஒருவர் வாங்கினால் துணியில்லாத தேவி படத்தை நாலு பேர் வாங்குகிறார்கள், அதில் ஒருவர் பாதிரியாராகவும் இருப்பார். கடவுளரோடு மோதிக் கெட்டவர்கள் என்று வரிசை. தேவி குளிப்பதைப் பார்த்து, மானாக மாறி, தன் நாய்களாலேயே கிழிபட்ட ஆக்டியோன். குழல் ஊதித் தோற்று, தோலுரிக்கப்பட்ட மார்சியாஸ். நெசவில் வாய்ச்சவடால் பேசிச் சிலந்தியான அரக்னே. கடைசியாக நியோபே. தனக்குப் பதினாலு பிள்ளை, அந்த லத்தோனா தேவிக்கு இரண்டே இரண்டுதான் என்று பீற்றிக்கொண்டவள். தேவியின் இரண்டு பிள்ளைகளும் வில்லோடு வந்து பதினான்கையும் அடித்துப்போட்டார்கள். நியோபே உட்கார்ந்த இடத்திலேயே கல்லானாள். கல்லான பிறகும் கண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

முதல் மூன்றும் நன்றாக வந்தன. என் படங்களில் இருக்கும் எல்லாப் பெண்களும் என் மனைவி ஓர்சினாதான். கையும் கழுத்தும் அவளுடையவை, முகத்தை மட்டும் அங்கங்கே மாற்றிவிடுவேன். ஆக்டியோன் படத்தின் சோதனை அச்சைக் கொண்டுபோய்க் காட்டியபோது அடுப்படியிலிருந்தே எட்டிப் பார்த்தாள்.

"ஏன் மேஸ்திரி, தேவிக்கு இவ்வளவு இடுப்பா? இதோட அவ குளத்துல இறங்கினா தண்ணி பூரா கரைக்கு வந்துடுமே. அந்த ஆளு அதுக்குப் பயந்துதான் மானா மாறி ஓடியிருப்பான்."

மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணமான புதிதில் கேலியாக ஆரம்பித்தது. இருபத்திரண்டு வருடத்தில் அதுவே என் பெயராகிவிட்டது. நான் அவளை நேசித்தேன், ஐயா. இதை நான் தப்பிப்பதற்காகச் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

நியோபே மட்டும் வரவில்லை. உடம்பு, மடிப்பு, மடியில் கிடக்கும் கடைசிப் பெண் எல்லாம் சரியாக வந்தன. முகம் வரவில்லை. நான்கு முறை முகத்தைத் தேய்த்து அழித்து, தகட்டைப் பின்னாலிருந்து தட்டிச் சமன்செய்து, மறுபடி செதுக்கினேன். நான்காவது அச்சை கொர்னேலியோ விரல் நுனியில் பிடித்துப் பார்த்தார்.

"இவளுக்கு என்னப்பா, பல் வலியா? பதினாலு புள்ளைய வாரிக்குடுத்த மூஞ்சியா இது? பதினாலு முட்டை உடைஞ்ச மூஞ்சி."

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னது சரி என்பதுதான் எனக்கு வலித்தது.

இந்த இடத்தில் என் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழு வயதிலிருந்து அவனுக்கு எழுத்து செதுக்கச் சொல்லிக்கொடுத்தேன். தகட்டில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றித்தான் செதுக்க வேண்டும், அப்போதுதான் தாளில் நேராக விழும். அதனால் அவன் நேரான எழுத்தைப் படிப்பதற்கு முன்பே இடவலம் மாறிய எழுத்தைப் படித்தான். பத்தொன்பது வயதில் என்னைவிட நன்றாகச் செதுக்கினான், எழுத்தை மட்டும். போன மே மாதம், "ஒரு படத்திலாவது எம் பேரையும் போடுங்கப்பா" என்று கேட்டான். "நீ செதுக்கினது எழுத்துதானே, எழுத்துக்கு யாரு பேரு போடுறா" என்றேன். மறுநாள் சந்தையில் படைக்கு ஆள் எடுக்கும் முரசு அடித்தார்கள். சியெனா பக்கத்துச் சண்டைக்குப் போய்விட்டான். ஆகஸ்ட்டில் அங்கே பெரிய அழிவு என்று சேதி வந்தது. அதன்பிறகு அவனிடமிருந்து ஒன்றுமில்லை.

ஓர்சினா அழவில்லை. தெருவில் மூன்று வீட்டில் ஒப்பாரி கேட்டது, இவள் ஜன்னலைச் சாத்திவிட்டு மாவு பிசைந்தாள். "நான் அழுதா அவன் செத்துட்டான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. நான் அழ மாட்டேன். யாராவது வந்து சொல்லட்டும், அப்பப் பாத்துக்கலாம்" என்றாள். அந்த இரண்டு மாதமும் அவளை நியோபேயாக உட்காரவைத்து வரைந்து பார்த்தேன். தாடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பல் வலி எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

நவம்பர் தொடக்கத்தில், கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் மதியம், கோவேறு கழுதைக்காரன் ஒருவன் மாடியேறி வந்தான். "மலை மடத்துலேர்ந்து காகிதம், மேஸ்திரி. சாமியாருங்க கடுதாசி போட்டா ஒண்ணு நரகத்தைப் பத்தி இருக்கும், இல்லாட்டி நன்கொடையைப் பத்தி இருக்கும்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, கீழே கழுதையைப் பார்க்கப் போனான். ஓர்சினா கையைத் துடைக்காமலே வந்து ஜன்னலோரப் பலகையில் உட்கார்ந்தாள். முழங்கை வரை செஸ்நட் கொட்டை மாவு. அவளுக்குப் படிக்கத் தெரியாது.

எதையும் முழுக்க மனதுக்குள் படித்துவிட்டுத்தான் நான் வாய்விட்டுப் படிப்பேன், அது என் பழக்கம். கடிதம் ஃபிளாமினியோவின் கையெழுத்தில் இருந்தது. அதை அப்படியே சொல்கிறேன், நீங்கள் அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

'அப்பாவுக்கும் அம்மாவுக்கும். கணவாய்க்கு அருகில் உள்ள மடத்தில் இருக்கிறேன். சண்டையில் இடது காலில் குண்டு பட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இருபது நாள் காய்ச்சலில் கிடந்தேன். இப்போது காய்ச்சல் இறங்கிவிட்டது. கட்டை ஊன்றி நடக்கிறேன். பனி விழுவதற்குள் ஒரு கோவேறு கழுதையோடு வந்து என்னைக் கூட்டிப்போங்கள். அம்மாவிடம் உடனே சொல்லுங்கள். தெம்பாக இருப்பதுபோல் நடித்துக்கொண்டிருப்பாள்.'

படித்துவிட்டு நிமிர்ந்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கீழுதடு ஒரு பக்கம் சரிந்திருந்தது. புருவத்துக்கு நடுவே நான் அதுவரை பார்க்காத ஒரு மடிப்பு. நல்லதா கெட்டதா என்று தெரியாமல் முகம் இரண்டுக்கும் தயாராக நின்றது. நான்கு முறை அழித்து அழித்துத் தேடிய முகத்தில் பாதி அங்கே இருந்தது, ஐயா. மீதிக்கு இன்னும் ஒரு வரிதான் தேவைப்பட்டது.

தாள் முடியப்போகிறது என்று கடைசி வரிகளை அவன் நுணுக்கி நெருக்கி எழுதியிருந்தான். பார்க்க வேறொருவர் கை போலவே இருந்தது. அதைக் கண்டபிறகுதான் எனக்கு யோசனை வந்தது என்று நினைக்கிறேன். இருபது நாள் காய்ச்சலில் கிடந்தேன் என்பதுவரை உள்ளபடியே படித்தேன். பிறகு, "இதுக்குக் கீழ மடத்துச் சாமியார் எழுதியிருக்கார்" என்று சொல்லி, 'ஞாயிறு விடியலில் அவன் அமைதியாகப் போய்ச் சேர்ந்தான். கடைசியில் தாயைத்தான் கூப்பிட்டான். எங்கள் தோட்டத்தில் அடக்கம் செய்தோம்' என்று படித்தேன்.

அவள் கத்தவில்லை. மாவுக்கையை மடியில் வைத்தாள், அது அப்படியே இருந்தது. என் கையில் படம் வரையும் காவிக்கட்டி இருந்தது, அது எப்போதும் என் பையில் கிடக்கும். வேறு தாள் எடுக்க எழுந்துபோனால் முகம் மாறிவிடும். கடிதத்தின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. திருப்பிவைத்து வரைந்தேன். வெளிச்சம் மங்கும்வரை அவள் அசையவில்லை. நான் வரைகிறேன் என்பதை அவள் கவனித்ததாகவும் தெரியவில்லை. கடைசியில் ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். "பசியோட இருந்திருப்பானோ?"

மூன்று நாளில் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். மூன்று நாள்தான். அதற்குள் படத்தைத் தகட்டுக்கு மாற்றிவிடலாம். பிறகு, முதலில் வந்தது தப்பான சேதி, இப்போது நல்ல சேதி வந்திருக்கிறது என்று ஓடிவந்து சொன்னால், அவளுக்கு எவ்வளவு பெரிய சந்தோஷமாக இருக்கும் என்றுகூட யோசித்தேன். போன உயிர் திரும்பிவந்தது போல. அந்தச் சந்தோஷத்தை நான்தான் கொடுக்கப்போகிறேன் என்று எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

தாளுக்கு ஆளிவிதை எண்ணெய் தடவினேன். எங்கள் வேலையில் அது வழக்கம். எண்ணெய் ஊறினால் தாள் கண்ணாடி மாதிரி ஆகும், வரைந்த பக்கத்தை மெழுகு பூசிய செம்பின்மேல் கவிழ்த்து, பின்னாலிருந்து கோடுகளைப் பார்த்து ஊசியால் அழுத்தலாம். பின்பக்கம் என்றால் எழுத்துப் பக்கம். என் ஊசி அவன் எழுத்துகளின் மேலேயேதான் போயிற்று. அவளுடைய கீழுதட்டைப் போடும்போது 'காய்ச்சல் இறங்கிவிட்டது' என்ற வரி குறுக்கே வந்தது. அது எனக்குக் கொஞ்சம் இடைஞ்சலாக இருந்தது.

மூன்று நாள் போதவில்லை. செப்பு அவசரத்துக்கு வளையாது. பத்து நாளில் வரும் புனித மார்ட்டின் திருநாளுக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் மலையில் பனி விழுந்துவிட்டது. இனிமேல் சொன்னால் என்ன ஆகும்? அவள் அந்தக் குளிரில் நடந்தே மலையேறிப் போய்விடுவாள். வழியில் விழுந்து செத்தாலும் செத்துவிடுவாள். ஆகவே அவளைக் காப்பாற்றுவதற்காகத்தான் சொல்லவில்லை. இன்றும் இதில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. கணவாய் அடைபடுவதற்கு முன்னால் அந்தக் கழுதைக்காரனிடம் மகனுக்கு ஒரு பதில் கொடுத்தனுப்பியிருந்தேன். 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பயணத்தைத் தாங்க மாட்டாள். பனி உருகியதும் வா' என்று. எழுதியபோது அது பொய். ஜனவரிக்குள் உண்மையாகிவிட்டது.

அந்தத் தாளை அவள் கேட்டாள். "அவன் கை பட்டதாச்சே, எனக்குக் குடுத்துடுங்க" என்றாள். தகட்டுக்கு மாற்றியாயிற்று என்பதால் கொடுத்துவிட்டேன். மடித்து மார்க்கச்சைக்குள் வைத்துக்கொண்டாள். ஆக, மகன் உயிரோடிருக்கிற சேதியை மூன்று மாதம் அவள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரிந்தாள். மாவு பிசைந்தாள், கால்வாயில் துணி அலசினாள், அவனுக்கு முப்பது பூசை வைத்தாள். முப்பது பூசைக்கும் முழந்தாள் போட்டாள். நானும் பக்கத்தில் முழந்தாள் போட்டேன்.

ஒரே ஒரு முறை எனக்குப் பயம் வந்தது. பூசை முடிந்து, அந்தக் கடிதத்தைப் படித்துக்காட்டும்படி பங்குச் சாமியாரிடம் நீட்டினாள். அவருக்குப் பார்வை மங்கல். அதை ஒத்துக்கொள்ள வெட்கம். தூர வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார். பின்பக்கத்து முகத்தின் கோடுகள் வேறு எழுத்தோடு கலந்து தெரிந்தன. "எண்ணெயில ஊறிப்போச்சே, மகளே. ஒன் புருஷன் என்ன படிச்சானோ அதுதான் இருக்கு" என்று சொல்லிச் சிலுவை போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவள் அவர் கையை முத்தமிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்னால் படம் முடிந்தது. கொர்னேலியோ பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். அந்த மனிதர் கார்டினலுக்கே தொப்பியைக் கழற்றமாட்டார். "இந்த மூஞ்சிய எங்கப்பா பாத்தே?" என்றார். வீட்டில் என்றேன். அப்புறம் யாரும் முட்டை என்று பேசவில்லை. சண்டையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் வாங்கிப்போய் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். நியோபே யார் என்றே அவர்களுக்குத் தெரியாது.

ஓர்சினாவிடமும் ஒரு அச்சைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "நானா இது?" என்றாள். நீதான் என்றேன். "இவளுக்குப் பதினாலு போச்சு. எனக்கு ஒண்ணுதானே மேஸ்திரி? ஒண்ணுக்கே இப்படியா?" என்று கேட்டுவிட்டு, படத்தில் இருந்தவளின் கன்னத்தைப் புறங்கையால் தடவினாள். மை இன்னும் காயவில்லை, கையில் ஒட்டிக்கொண்டது. அதற்குப்பிறகு என் படங்களை அவள் கேலி செய்யவில்லை.

அவள் நோயில் சாகவில்லை. வைத்தியர் மூன்று முறை வந்து மூன்று பெயர் சொன்னார். சாப்பாட்டை மறந்தாள், பிறகு எழுந்திருப்பதை மறந்தாள். வெங்காயச் சூப்பை நானே ஊட்டினேன். வாயில் வாங்கிக்கொள்வாள், விழுங்க மறந்துவிடுவாள். பிப்ரவரி தொடக்கத்தில், மெழுகுதிரித் திருநாளுக்கு மறுநாள் முடிந்தது. கையில் அந்தத் தாளைப் பிடித்திருந்தாள். பக்கத்து வீட்டு ஜாக்கோமா குளிப்பாட்ட வந்தபோது, "அது அவ புள்ளைக் கடுதாசி, கூடவே போகட்டும்" என்றாள். போயிருக்கலாம். மண்ணுக்குள் போயிருந்தால் இன்று நான் இங்கே நிற்க வேண்டியதே இல்லை. உங்களுக்கும் இந்த வேலை மிச்சம்.

ஆனால் நான் அவள் விரல்களைப் பிரித்துத் தாளை எடுத்துவிட்டேன். நான் வரைந்ததிலேயே அதுதான் சிறந்தது, ஐயா. அப்படி ஒன்றைப் புதைக்க எனக்கு மனம் வரவில்லை. வேலைக்கூடத்து ஜன்னலில், முகம் உள்ளே பார்க்கும்படி ஒட்டிவைத்தேன். எழுத்து கால்வாய்ப் பக்கம். அங்கே படகு போகாது, படிக்க யாரும் இல்லை. செம்பில் வெயில் பட்டுக் கண் கூசாமல் இருக்க எண்ணெய்த் தாளை ஜன்னலில் ஒட்டுவது எங்களுக்கு வழக்கம்தான். காலை வெளிச்சத்தில் பின்னால் இருக்கும் எழுத்து முகத்தின்மேல் லேசாகத் தெரியும். இடவலம் மாறித் தெரிவதால் பார்ப்பவர்களுக்கு நிழலுக்குப் போட்ட கோடு போலத்தான் இருக்கும். கொர்னேலியோவே அப்படித்தான் நினைத்தார்.

ஈஸ்டருக்குப் பிறகு தகடு என்னிடம் திரும்பி வந்தது. சில நூறு அச்சு எடுத்தால் மெல்லிய கோடுகள் தேய்ந்துவிடும், மறுபடி ஆழப்படுத்த வேண்டும். அந்த வாரத்தில்தான் ஃபிளாமினியோ வந்தான். முதலில் தெருவில் அலறல் கேட்டது. ஜாக்கோமா வாளியைக் கீழே போட்டுவிட்டு, "முப்பது பூசை வெச்சு அனுப்பிட்டோமேடா ஒன்னை! எங்கேர்ந்துடா வரே?" என்று கத்தினாள். பிறகு படியில் கட்டைக்கால் சத்தம்.

"அம்மா எங்க?" என்றான்.

சொன்னேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தான். நான்தான் தாங்கிப் பிடித்தேன். நானும் அழுதேன். நடிப்பு இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் செத்துட்டேன்னு யாரு சொன்னா?" என்று கேட்டான்.

"மடத்துலேர்ந்து தப்பா ஒரு சேதி வந்துச்சு."

"நான்தான் நல்லா இருக்கேன்னு எழுதினேனே?"

"அது பின்னாலதான் வந்துச்சு. அதுக்குள்ள அவ படுத்துட்டா. சொன்னா வெளங்கிக்கிற நெலமையில இல்ல."

நம்பினான். நான் அவன் அப்பா அல்லவா? சுண்டக் காய்ச்சிய பீன்ஸை இரண்டு தட்டு சாப்பிட்டான். அம்மா வைத்தது போல இல்லை என்றான்.

மறுநாள் காலை நான் ரொட்டி வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது வேலைக்கூடத்தில் ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். முதலில் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறான் என்று நினைத்தேன். அப்புறம்தான் அவன் உதடு அசைவதைக் கவனித்தேன். கண் வலமிருந்து இடமாகப் போய்க்கொண்டிருந்தது. ஊரில் யாராலும் படிக்க முடியாது என்று நான் நம்பிய எழுத்து. ஏழு வயதில் மடியில் உட்காரவைத்து நானே சொல்லிக்கொடுத்த எழுத்து. அதை எப்படி மறந்தேன் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

"அம்மா படமும் என் கடுதாசியும் ஒரே தாளா?" என்றான்.

கையிலிருந்த ரொட்டியை மேசைமேல் வைத்தேன். அதற்குமேல் அவன் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. மெதுவாகத் தாளை உரித்தெடுத்தான். மடிப்புகளில் விரலை ஓட்டினான்.

"மடிச்சு வெச்சிருந்தாளா?"

"நெஞ்சோட. கடைசி வரைக்கும்."

"படிக்கத் தெரியாம" என்றான். அவ்வளவுதான்.

என் செதுக்குளியை எடுத்தான். தகடு தோல் மெத்தைமேல் இருந்தது. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஒரு கோடு, பிறகு மற்ற இரண்டு மூலைக்கும் இன்னொன்று. இரண்டும் அவள் முகத்தில் சந்தித்தன. நல்ல ஆழமான, நேரான கோடுகள். முதல் தடவையாக அவன் எழுத்தை விட்டு வேறொன்றைச் செதுக்கினான். பிறகு அந்தத் தாளோடு படியில் போய் உட்கார்ந்தான். தகட்டை வாங்கிப்போக கொர்னேலியோவின் ஆட்கள் வரும்வரை அங்கேயே இருந்தான். அவன் செய்ததில் என்ன குற்றம் என்று நீங்களே சொல்லுங்கள். அபராதம் என்றால் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள். அவனை விட்டுவிடுங்கள்.

நீங்கள் சற்று முன் ஒன்று கேட்டீர்கள். படம் கிறிஸ்துமஸுக்கு முன்பே முடிந்துவிட்டது, அவள் போனது பிப்ரவரியில், இடையில் ஏன் சொல்லவில்லை என்று. மலையேறிவிடுவாள் என்றேன். ஜனவரியில் அவளால் படுக்கையை விட்டே இறங்க முடியாது என்று நீங்கள் சொன்னீர்கள். ஆம், அது சரிதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை என்றேன். இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

மெழுகுதிரித் திருநாள் அன்று மதியம். கீழே தெருவில் பவனி போய்க்கொண்டிருந்தது. அவள் கண்ணைத் திறந்து, மார்க்கச்சையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். "ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க, மேஸ்திரி" என்றாள். அதற்கு முன் எத்தனையோ தடவை படித்துக் காட்டியிருக்கிறேன். அவளுக்கு எல்லாம் மனப்பாடம். ஒரு சொல் தவறினால் திருத்துவாள்.

படித்தேன். மடம், சண்டை, கால், இருபது நாள் காய்ச்சல். அங்கே நின்றேன். அடுத்த வரி என் கண்முன்னே இருந்தது. காய்ச்சல் இறங்கிவிட்டது. நான்கு சொல்கூட இல்லை. அதைச் சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா, எனக்குத் தெரியாது. மகன் இருக்கிறான் என்று தெரிந்துகொண்டாவது போயிருப்பாள். பிறகு என்னைப் பார்த்திருப்பாள். அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், முகங்களைப் பார்ப்பதுதானே என் தொழில்.

நான் அழுகிறேன், அதனால்தான் நிறுத்திவிட்டேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். மீதியை அவளே சொன்னாள். "ஞாயிறு விடியல்ல அவன் அமைதியாப் போய்ச் சேந்தான். கடைசியில தாயைத்தான் கூப்பிட்டான். அப்படித்தானே இருக்கு?"

"ஆமா" என்றேன்.

என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "பாவம் நீங்க. எனக்காக இதை எத்தனை தடவைதான் படிப்பீங்க" என்றாள். அதன்பிறகு அவள் பேசவில்லை.

அந்த 'ஆமா' படத்துக்காக இல்லை, ஐயா. படம் முடிந்து எட்டு வாரம் ஆகியிருந்தது. அவள் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டே போக வேண்டும், அதற்காக. படத்துக்காகச் செய்தேன் என்று நான் மேலே சொன்னதையெல்லாம் அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள். புதுத் தாள் எடுக்க வேண்டாம். எழுதிய தாளையே திருப்பிப் போடுங்கள், பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது.